க்வில்லிம் அம்மையார்

நம் இராமநாதபுரக் கரையிலே, பாம்பனிலும் மண்டபத்திலும், வலையினின்று எடுத்த மீனொன்றை எதிரே வைத்து நீர்வர்ணத்தால் எழுத முயன்ற மாணவர் இரண்டு இடையூறுகளை நன்கறிவர். உயிர் நீங்கிய மீனின் நிறம் சிறிது பொழுதில் மங்கிவிடும். கடற்காற்றில் ஈரமேறிய காகிதமோ வர்ணத்தைத் தன்மேல் நிற்கவொட்டாது உள்ளே இழுத்துக்கொள்ளும். இதே கீழைக்கரையின் வடபால், சென்னைப்பட்டினத்திலே, இருநூறாண்டுகட்கு முன்னர் இவ்விரண்டோடும் போராடியவர் எலிஸபெத் க்வில்லிம் அம்மையார்.

இவர் 1763-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹெரிபோர்டு நகரத்துக் கட்டடச் சிற்பியாகிய சைமண்ட்ஸ் என்பாரின் புதல்வியாகப் பிறந்தார். 1801-இல் சென்னையில் சுப்ரீம் கோர்ட்டு ஏற்பட்டபோது கணவர் ஹென்றி க்வில்லிம் அதன் நீதிபதியருள் ஒருவரானார். அவருடன் அம்மையாரும் தங்கை மேரியும் இங்கு வந்தனர். அம்மையார் தெலுங்கு பயின்றார். நாட்டு நடையைத் தாய்க்கும் உடன்பிறந்தார்க்கும் நீண்ட கடிதங்களில் எழுதினார்.

அக்காலத்து ஐரோப்பிய ஓவியர் பலர் பஞ்சடைத்த தோலைப் பார்த்தே பறவைகளை எழுதினர். அம்மையாரோ, பிடித்துவரப்பட்ட பறவையை உயிருடன் எதிரே வைத்து எழுதினார். அஞ்சி நடுங்கும் பறவை ஓவியர்க்கு இசைந்து நிற்குமோ? அவர் சிறகின் வரிசையும் அலகின் வளைவும் பிழையாமற் கண்டார். பெரும் பறவைகளையும் இயல்பான அளவில் எழுத விழைந்தமையால் பெருந்தாள்கள் வேண்டியிருந்தன. அந்நாளைய ஆங்கிலக் காகிதம் தோலைக் காய்ச்சிய வச்சிரம் ஊட்டப்பெற்றது. ஈரவெப்பத்தில் வச்சிரம் கெட்டால் அது மையொற்றுந்தாளாகிவிடும்; வேறு தாள் கப்பலேறி வரப் பல மாதம் செல்லும். எண்ணெய்வர்ணத்தில் எழுதுவோர் பிழையின்மேல் மீண்டும் பூசி மறைப்பர். நீர்வர்ணத்திலோ வெண்மையென்பது பெரும்பாலும் தொடாது விட்ட காகிதமே. ஒரு துளி தவறினும் உழைப்பனைத்தும் வீண்.

தரங்கம்பாடி மிஷனில் ஊழியஞ் செய்து, பின்னர்த் தமிழகராதி தொகுத்த ராட்லர் ஐயர் இவர்க்குத் தாவர நூலில் துணைநின்றார். அவர் இட்ட க்வில்லிமியா என்னும் பெயர் மக்னோலியா மரவகையின் ஒரு பிரிவிற்கு இன்றும் வழங்குகின்றது.

அம்மையார் 1807 டிசம்பரில் நாற்பத்து நான்காம் வயதில் சென்னையிலேயே காலமாகி, கோட்டைக்குள்ளிருக்கும் செயின்ட் மேரீஸ் ஆலயத்தில் அடக்கம் பெற்றார். கவர்னரோடு பிணங்கிய கணவர் மறு ஆண்டில் திருப்பியழைக்கப்பட்டார். படங்கள் எவர் கண்ணிலும் படாது கிடந்தன. 1827-இல் பறவைப் படங்களை வெளியிடத் தொடங்கிய ஆடுபானை உலகம் கொண்டாடிற்று. அவர்க்கு இருபதாண்டு முந்திய இவரை அறிந்திலது. 1924-இல் லண்டனிலே கேஸி வுட் என்னும் கண்மருத்துவர் அவற்றைக் கண்டு வாங்கினார். நூற்றுக்கு மேற்பட்ட பறவைப் படங்கள் இப்போது கானடா நாட்டு மான்ட்ரியால் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் உள்ளன. மேரி எழுதிய மீன்களும் அங்கேயே இருக்கின்றன.