பொன் தேடிய கண் கண்ட நீர்

போர்க்காலத்திலே குப்பிவிளக்கருகிற் படித்தும் படிப்பித்தும் வாழ்ந்த மட்டக்களப்பு வாவிக்கரை மக்களுக்கு மின்னொளியின் அருமை நன்கு தெரியும். அவ்வொளியை நம் நாட்டு ஆற்றுநீரிலிருந்தே பெறலாம் என வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய ஒருவரை நம் மாணாக்கர் அறிதல் வேண்டும். அவரே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரர்.

1874 இல் காலியிற் பிறந்த அவர், கொழும்பிலே கற்றுப் பொதுவேலைத் திணைக்களத்திற் பணியேற்றார். சிவனொளிபாத மலைச்சாரலிற் பொன் உண்டோவென ஆராயும் பணி ஒருகால் அவருக்கு வாய்த்தது என்பர். பொன்னைத் தேடிய கண்ணுக்கு வேறொரு செல்வம் புலனாயிற்று. மஸ்கெலியா ஓயாவின் நீர் லக்சபானாவிலே ஏறக்குறைய 126 மீற்றர் உயரத்தினின்று வீழ்ந்து வறிதே கடலை நோக்கி ஓடிற்று.

காந்தத்தின் இடையே கம்பிச்சுருள் சுழலுமாயின் அதில் மின்னோட்டம் பிறக்கும். இவ்வுண்மைக்கு வித்திட்டவர் ஆங்கில அறிஞர் மைக்கேல் பரடே, ஆண்டு 1831. சுழற்றும் ஆற்றலை நிலக்கரி தருவதாயின் அதனைக் கப்பலேற்றிக் கொணர்தல் வேண்டும். வீழும் நீரோ மழை தந்த கொடை. இக்கணக்கை உணர்ந்த விமலசுரேந்திரர், 1912 இல் நுவரெலியா நகருக்கென நானுஓயாவை அடுத்த பிளாக்பூலிற் சிறு நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்துக் காட்டினார். 1918 இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் தம் பெருந்திட்டத்தை விரித்துரைத்தார்.

லக்சபானாவில் 1924 இல் வேலை தொடங்கிற்று; சில ஆண்டுகளில் நின்றும் போயிற்று. அவர் தளர்ந்தாரல்லர். பதவியிலிருந்து முடியாததை மன்றிலிருந்து முடிப்போமெனத் துணிந்து, 1931 இல் இரத்தினபுரித் தொகுதியில் வென்று அரசாங்க சபை புகுந்தார். ஆயினும் லக்சபானா மின் வழங்கியது 1950 இலேதான். இடையே கழிந்தவை 32 ஆண்டுகள். கண்ட கனவு ஒளியானதைக் கண்டபின், 1953 இல் அவர் மறைந்தார்.

அக்காலத்திலேயே, அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்து இங்கினியாகலையில், எம்மவர் பட்டிப்பளையாறு என வழங்கும் கல்லோயாவை மறித்தெழுந்த அணை, வயலுக்கு நீரும் ஊருக்கு மின்னும் தந்தது.

2022 இல் எரிபொருள் வாங்கப் பணமின்றி நாடு நாள்தோறும் பல மணிநேரம் இருளில் மூழ்கியது. ஆற்றுநீர் ஒன்றே இன்றைய தேவைக்குப் போதாது என்பது மெய்யே. எனினும், தன் மண்ணிலுள்ள ஆற்றலை முதலிற் காண்க என அப்பெரியார் காட்டிய நெறி பழுதுபடவில்லை. இன்று நம்மேல் வெயில் பொழிகிறது, கடற்காற்று வீசுகிறது. அவற்றுக்கும் 32 ஆண்டுகள் காத்திருத்தல் தகுமோ?