ஆறாம் வகுப்போடு நின்ற காமராஜர், பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைத்தது எப்படி?

ஜூலை 15 வந்தால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படத்துக்கு மாலை, பேச்சுப்போட்டி, கையில் ஒரு மிட்டாய். காமராஜரின் பிறந்தநாளை 2006 முதல் கல்வி வளர்ச்சி நாளாக அரசே கொண்டாடுகிறது. காமராஜர்னா மதிய உணவு. இந்த ஒரு வரி எல்லாருக்கும் தெரியும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அதுதான் ஓடும்.

ஆனால் கதை அந்த ஒரு வரியோடு முடியவில்லை. பிள்ளைகள் ஏன் ஸ்கூலுக்கு வரலை? வந்தவர்கள் ஏன் பாதியில் நின்னுட்டாங்க? பசி, தூரம், ஃபீஸ், உடுத்தத் துணி இல்லாத கூச்சம் என்று காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழி தேடிய ஆட்சி அவருடையது. அவர் வாழ்க்கையிலிருந்தே அதைப் புரிந்துகொள்ளலாம்.

படிப்பை விட்ட பையன்

1903 ஜூலை 15. இன்றைய விருதுநகர் அப்போது விருதுபட்டி. குமாரசாமி, சிவகாமி அம்மாள் தம்பதிக்குப் பிறந்தவர் காமராஜர். தங்கை பெயர் நாகம்மாள். ஆறு வயது இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். சிவகாமி அம்மாள் நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஊரில் ஒரு வியாபாரியிடம் கொடுத்து, மாதாமாதம் வந்த வட்டியில் குடும்பத்தை நடத்தினார்.

காமராஜர் முதலில் ஏனாதி நாயனார் வித்யாலயாவிலும், பிறகு சத்திரிய வித்யாசாலாவிலும் படித்தார். 1889-ல் தொடங்கப்பட்ட சத்திரிய வித்யாசாலாவுக்கு ஒரு சிறப்பு உண்டு. அங்கே ஃபீஸ் கிடையாது. ஊர் வியாபாரிகள் வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கும் மகமைப் பணமும், வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடி அரிசியும்தான் அந்தப் பள்ளியை நடத்தின. தினமும் உலையில் போடும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைப்பார்கள். அதைச் சேர்த்துக் காசாக்கி, ஊர்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

ஃபீஸ் இல்லை, பள்ளியும் ஊருக்குள்ளேயே. அப்படியிருந்தும் காமராஜரால் தொடர முடியவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. வீட்டு நிலைமை அவரை மாமாவின் துணிக்கடைக்கு அனுப்பியது. இலவசப் பள்ளி என்பது முதல் படி மட்டும்தான், வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் பிள்ளை பள்ளியில் உட்காரும். இதை அவர் சின்ன வயதிலேயே அனுபவித்துவிட்டார்.

ஜெயில், கட்சி, முதல்வர் நாற்காலி

கடையில் இருந்தவரைக் காங்கிரஸ் இழுத்தது. 1930 உப்புச் சத்தியாகிரகத்தில் முதல் சிறை. அதற்குப் பிறகு பலமுறை. மொத்தமாகப் பார்த்தால் சுமார் ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழிந்தன. பள்ளியில் விட்ட வாசிப்பை அவர் பெரும்பாலும் பிடித்தது அங்கேதான். சத்தியமூர்த்தியின் அரவணைப்பில் வளர்ந்து, 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார்.

1954 ஏப்ரல் 13-ல் சென்னை மாகாண முதல்வராகப் பதவியேற்றார். கட்சித் தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்தையே அமைச்சரவையில் சேர்த்து, கல்வித் துறையையும் அவரிடம் கொடுத்தார்.

1954-ல் என்ன பிரச்சினை?

அவருக்கு முன் முதல்வராக இருந்த ராஜாஜி, 1953-ல் ஒரு புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம் வீட்டுத் தொழிலையோ கைத்தொழிலையோ கற்க வேண்டும். இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியர்களையும் வைத்து, ஷிஃப்ட் முறையில் அதிகப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது அரசு சொன்ன காரணம்.

ஆனால் செருப்பு தைப்பவர் மகன் செருப்பு தைக்கவும், வெளுப்பவர் மகன் துணி வெளுக்கவும் அரசே அனுப்புகிறது என்று பெரியாரும் தி.மு.க.வும் கடுமையாக எதிர்த்தார்கள். குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. காங்கிரஸுக்குள்ளேயே காமராஜர் உட்படப் பலருக்கு அதில் உடன்பாடு இல்லை. எதிர்ப்பு முற்றி ராஜாஜி விலகினார். காமராஜர் பதவிக்கு வந்த அடுத்த மாதமே, 1954 மே மாதத்தில், அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

பழைய திட்டத்தை ரத்து செய்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. முழு நேரப் பள்ளி திரும்ப வந்தாச்சு. பிள்ளைகள் வரணுமே?

மதிய உணவு யோசனை எங்கிருந்து வந்தது?

பரவலாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. சுற்றுப்பயணத்தில் மாடு மேய்க்கும் சிறுவனைப் பார்த்து, ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று காமராஜர் கேட்டாராம். போனால் சோறு யார் போடுவார் என்று அவன் திருப்பிக் கேட்டானாம். ஊர் பெயர் மாறும், சிறுவனின் பதிலும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அந்தக் காலத்து நிலவரம் அதுதான். மாடு மேய்த்தால் ஒரு வேளைக் கூழாவது கிடைக்கும். பள்ளிக்குப் போனால் அதுவும் போச்சு.

யோசனையே புதிது என்று சொல்ல முடியாது. 1920-ல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். பிள்ளைகள் கூடினார்கள், வேறு சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்யக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தடுத்ததால், 1925-ல் நின்றுபோனது.

ஒரு நகரத்தின் சில பள்ளிகளில் நடந்ததை மாகாணம் முழுக்கக் கொண்டுபோவது வேறு விஷயம். அதற்குக் காமராஜருக்குக் கிடைத்த கை, நெ.து.சுந்தரவடிவேலு. 1954-ல் பொதுக் கல்வி இயக்குநரான அவர், பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். உத்தரவு ஒருவருடையது, அதை ஊர் ஊராக நடத்திக் காட்டியது இன்னொருவர்.

1956-ல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அரசு கஜானாவில் அப்போது அதற்கென்று பெரிய பணம் இல்லை. அதனால் ஊர் மக்களிடம் கேட்டார்கள். ஒருவர் அரிசி கொடுத்தார், ஒருவர் விறகு, ஒருவர் தோட்டத்துக் காய்கறி. விருதுபட்டியின் பிடி அரிசி முறைதான், இந்த முறை மாகாண அளவில்.

நன்கொடையை மட்டும் நம்பி தினமும் சோறு போட முடியுமா? நல்ல அறுவடை இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. அதனால் 1957 முதல் அரசும் பங்கு போட்டது. ஒரு சாப்பாட்டுக்கு 10 பைசா என்று கணக்கு. 6 பைசா அரசு, 4 பைசா ஊர். 1961 முதல் அமெரிக்காவின் கேர் அமைப்பு பால் பவுடர், எண்ணெய் போன்றவற்றைக் கொடுத்து உதவியது.

சாப்பாடு மட்டும் போதுமா?

போதாது. பசிக்கு அடுத்த காரணம் தூரம். பக்கத்து ஊர் வரை நடக்கணும்னா, சின்னப் பிள்ளையை யார் அனுப்புவார்கள்? பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பது இலக்கானது. சின்னக் கிராமங்களுக்கு ஓராசிரியர் பள்ளிகள் போயின.

அடுத்தது உடை. கிழிந்த சட்டையோடு வகுப்பில் உட்காரப் பிள்ளைக்குக் கூச்சம். பக்கத்தில் இருக்கும் வசதியான வீட்டுப் பையன் பளிச்சென்று வருவான். 1960 வாக்கில் ஊர் மக்கள் உதவியோடு இலவசச் சீருடை கொடுக்கும் முயற்சி தொடங்கியது. பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் பார்வைக்கு ஒன்றாகத் தெரியணும் என்பதுதான் நோக்கம். மாணவர் மனநலம் என்ற சொல் புழக்கத்தில் இல்லாத காலத்தில் நடந்த வேலை இது.

பள்ளிக் கட்டடங்களின் நிலைமையும் மோசம். அதற்குப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் வந்தன. முதல் மாநாடு 1958-ல் திருவள்ளூர் பக்கம் கடம்பத்தூரில். பள்ளிக்கு என்னென்ன தேவை என்று பட்டியல் போட்டு ஊர் முன்னால் வைப்பார்கள். கரும்பலகை, பெஞ்ச், கடிகாரம், சுற்றுச்சுவர், கிணறு என்று முடிந்ததை ஆளாளுக்கு ஏற்றுக்கொள்வார்கள். தான் வாங்கிக் கொடுத்த கடிகாரம் ஓடும் பள்ளிக்குத் தன் பிள்ளையை அனுப்பாமல் இருக்க யாருக்கும் மனசு வராது. நன்கொடை கேட்டதில் இப்படி ஒரு லாபமும் இருந்தது.

ஆசிரியர்களையும் விடவில்லை. தனியார் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு 1955-ல் ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி, காப்பீடு மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தது. பள்ளி வேலை நாட்கள் 180-லிருந்து 200 ஆக உயர்ந்தன. தேவையில்லாத விடுமுறைகள் குறைந்தன. பிள்ளை தினமும் வரணும்னா, பள்ளியும் தினமும் திறந்திருக்கணுமே.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது?

இங்கேதான் கதை கொஞ்சம் சிக்கலாகிறது. மதிய உணவு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. ஐந்தாம் வகுப்பு தாண்டியதும் தட்டு நின்றுவிடும். ஆனால் 12, 13 வயதில்தான் பிள்ளை வேலைக்குப் போகும் வயதை எட்டுகிறது. காமராஜரே நின்றது ஏறக்குறைய அந்த இடத்தில்தான்.

உயர்நிலையில் அவரது அரசு கைவைத்தது ஃபீஸில். முதலில் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் ரத்தானது. பிறகு படிப்படியாக விரிந்து, அவர் பதவி விலகிய பின், 1960-களின் நடுவில், அன்றைய எஸ்.எஸ்.எல்.சி.யான 11-ஆம் வகுப்பு வரை எல்லாருக்கும் இலவசம் என்ற நிலை வந்தது.

சத்துணவு உயர்நிலை வகுப்புகளை எட்ட இன்னும் 20 ஆண்டுகள் ஆனது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, 1984-ல் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கும் விரிவாக்கினார்.

7 சதவீதம் 37 ஆனதா?

காமராஜர் வரும்போது எழுத்தறிவு 7 சதவீதம், போகும்போது 37 சதவீதம். இந்த ஃபார்வர்டு வராத ஃபேமிலி குரூப் இருக்காது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கு வேறு சொல்கிறது. 1951-ல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு சுமார் 21 சதவீதம். 1961-ல் சுமார் 31 சதவீதம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 36 சதவீதம்.

பத்து ஆண்டுகளில் பத்து புள்ளிகள் உயர்வு என்பதே பெரிய விஷயம்தான். அதை ஊதிப் பெரிதாக்க வேண்டிய தேவையே இல்லை. தவிர, இந்த எண் முழுக்கதையைக் காட்டாது. 1958-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, எஸ்.எஸ்.எல்.சி. எழுதியது 1960-களின் கடைசியில். அறுவடை வந்தபோது விதைத்தவர் பதவியில் இல்லை.

குறைகளும் உண்டு. ஓராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் ஒருவரே சமாளித்தார். அவர் லீவு போட்டால் பள்ளியே லீவு. ஆண் பிள்ளைகள் வந்த வேகத்தில் பெண் பிள்ளைகள் வரவில்லை. சேர்ந்தவர்களில் நிறைய பேர் ஐந்தாம் வகுப்புக்குள்ளேயே நின்றார்கள்.

பதவிக்குப் பிறகு

1963 அக்டோபர் 2-ல் காமராஜர் முதல்வர் பதவியை விட்டார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போகணும் என்ற அவருடைய யோசனைக்கே கே-பிளான் என்று பெயர். அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். 1964-ல் லால் பகதூர் சாஸ்திரி, 1966-ல் இந்திரா காந்தி என்று இரண்டு பிரதமர்கள் வருவதில் அவர் கை இருந்தது.

1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர், தி.மு.க.வின் மாணவர் தலைவர் பெ.சீனிவாசன். வித்தியாசம் 1,285 வாக்குகள். பள்ளிக் கதவைத் திறந்துவிட்டவர், படித்த இளைஞர்களின் அலையிலேயே தோற்றார். 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து மக்களவைக்குப் போனார். 1975 அக்டோபர் 2-ல் மறைந்தார். அடுத்த ஆண்டு பாரத ரத்னா வழங்கப்பட்டது.

இன்றைக்கு இதில் என்ன இருக்கிறது?

2022-ல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், இதே வரிசையில் அடுத்த கண்ணி. அதுவும் தொடங்கியது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடுதான்.

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் இன்று வருகைப் பதிவு செயலியில் ஏறுகிறது. யார் வரவில்லை என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஏன் வரவில்லை என்பதைச் செயலி சொல்லாது. வீட்டில் வேலையா, தேர்வு பயமா, வகுப்பில் யாராவது கேலி செய்கிறார்களா, கடைசி பஸ்ஸை விட்டால் வீடு போக முடியாதா என்று யாராவது ஒருவர் அந்தப் பிள்ளையைக் கேட்கணும். காரணம் பசி என்று தெரிந்தபோது அதற்கு 6 பைசா ஒதுக்கிய அரசு இருந்தது. இன்றைய காரணங்கள் தெரியவரும்போதும் அதற்கென்று பணமும் ஆளும் ஒதுக்கினால்தான், வருகைப் பதிவேட்டில் விழும் ஆப்சென்ட் குறையும்.