தன் பெயர் கொண்ட மலையைக் காணாத மனிதர்

திருக்கோவில் கரையிலிருந்து ஒரு படகு கடலுக்குள் சற்றுத் தள்ளிச் சென்று நேர் தெற்கே திரும்பினால், அதன் வழியில் குறுக்கிட வேறு நிலம் இல்லை. பொத்துவில், பாணமை, ஒக்கந்தை என்று இலங்கைக் கரை மேற்கே ஒதுங்கிவிடும். அதன் பிறகு 8,000 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் வெறும் கடல். அந்தக் கடல் முடியும் இடத்தில் நிற்பது அந்தாட்டிக்காவின் பனிச் சுவர். நமக்குத் தெற்கே உள்ள அடுத்த நிலம் அதுதான்.

அந்தக் கண்டத்தின் வரைபடத்தில், விக்ரோறியா லாண்ட் பகுதியின் வட முனையில், 71 பாகை தென் அகலக்கோட்டை ஒட்டி ஒரு மலைத்தொடர் உண்டு. நீளம் சுமார் 145 கிலோமீற்றர். பெயர் பவர்ஸ் மலைகள். இலங்கையிலும் பர்மாவிலும் பாரசீக வளைகுடாவிலும் கடற்சேவை செய்து, 28 வயதில் பனிக்குள் உயிரிழந்த ஒரு சிறிய உருவம் கொண்ட மாலுமியின் பெயர் அது. அந்த மலைகளை அவர் ஒருநாளும் கண்டதில்லை.

ஸ்கொட்லாந்திலிருந்து ஐராவதி வரை

ஹென்றி ரொபர்ட்சன் பவர்ஸ் 1883 ஜூலை 29 அன்று ஸ்கொட்லாந்தின் கிறீனொக் துறைமுக நகரில் பிறந்தார். தந்தை கீழைக் கடல்களில் வணிகம் செய்த கப்பல் தலைவர். மகனுக்கு மூன்று வயதான காலத்தில் அவர் பர்மாவில் இறந்தார். இரண்டு அக்காமாருடன் ஹென்றியை வளர்த்தெடுத்தவர் தாய் எமிலி. அந்தத் தாய்க்கும் மகனுக்கும் இருந்த நெருக்கம் பவர்ஸின் வாழ்க்கை முழுதும் தொடர்ந்தது. எந்தக் கடலில் இருந்தாலும் வீட்டுக்குக் கடிதம் எழுதுவதை அவர் விடவில்லை.

வூஸ்டர் என்ற பயிற்சிக் கப்பலில் படித்துவிட்டு, பாய்மர வணிகக் கப்பல்களில் உலகைச் சுற்றினார். 1905இல் ரோயல் இந்தியன் மரீன் என்ற படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். பிரித்தானிய இந்திய அரசின் கடற்சேவை அது. அதிகாரிகள் வெள்ளையர். கீழே உழைத்த மாலுமிகள் இந்தியர். அவர்களில் கொங்கண் கரையின் ரத்னகிரிப் பகுதி முஸ்லிம்கள் கணிசமானோர். இந்தச் சேவையில்தான் பவர்ஸ் இலங்கைக்கும் பர்மாவுக்கும் வந்தார். ஐராவதி ஆற்றில் ஒரு படைப்படகை வழிநடத்தினார். பின்னர் ஃபொக்ஸ் என்ற போர்க்கப்பலில் பாரசீக வளைகுடாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே துப்பாக்கிக் கடத்தலைத் தடுக்கும் பணியில் ஈடுபட்டார்.

உயரம் ஏறத்தாழ ஐந்தடி நான்கு அங்குலம். செம்பட்டை முடி. பறவையின் அலகு போன்ற பெரிய மூக்கு. அதனாலேயே தோழர்கள் அவரை பேர்டி, அதாவது குருவி என்று அழைத்தார்கள். வெப்ப நாடுகளின் வெயிலில் ஐந்து ஆண்டுகள் கழித்த இந்த மனிதருக்கு, பூமியின் மிகக் குளிர்ந்த இடத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை இருந்தது.

அந்த ஆசைக்கு வழி திறந்தவர் சேர் கிளெமன்ட்ஸ் மார்க்கம். தென்னமெரிக்காவின் சிங்கோனாக் கன்றுகளை நீலகிரிக்குக் கொண்டுவந்த அதே மார்க்கம்தான். முதுமையில் அவர் தென்துருவப் பயணங்களுக்குப் பெரும் ஆதரவாளராக இருந்தார். அவரது பரிந்துரையை ஏற்ற கப்டன் ரொபர்ட் ஸ்கொட், பவர்ஸை நேரில் பார்க்காமலே தன் பயணத்தில் சேர்த்துக்கொண்டார்.

பண்டகப் பொறுப்பாளர்

டெரா நோவா கப்பல் 1910 ஜூன் 15 அன்று கார்டிஃபிலிருந்து புறப்பட்டது. பவர்ஸுக்குத் தரப்பட்ட வேலை பண்டகப் பொறுப்பு. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, எத்தனை இறாத்தல் மாவு மீதி என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. முதலில் கப்பலோடு மட்டும் இருப்பதாக ஏற்பாடு. அவரது வேலைத் திறனைக் கண்ட ஸ்கொட் அவரைக் கரையில் தங்கும் குழுவுக்கு மாற்றினார்.

1911 ஜனவரியில் குழு எவன்ஸ் முனையில் இறங்கியது. மாத இறுதியில் ஸ்கொட்டும் பவர்ஸும் மற்றவர்களும் தெற்கு நோக்கி உணவுக் கிடங்குகள் அமைக்கப் போனார்கள். கப்பலோ லெப்டினன்ட் ஹரி பெனலின் தலைமையில் வடக்கே திரும்பியது. பெப்ரவரியில், அதுவரை யாரும் காணாத கரையொன்றின் ஓரமாகச் சென்றபோது, பனிக்கு அப்பால் சில குன்றுகளின் கடலோர நுனி கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் பவர்ஸ் பல நூறு கிலோமீற்றர் தெற்கே மட்டக் குதிரைகளோடு பனியில் நடந்துகொண்டிருந்தார்.

அடுத்த சில நாட்களிலேயே அவர் சாவைத் தொட்டு மீண்டார். மார்ச் முதலாம் திகதி, கடல்மேல் உறைந்த பனியில் கூடாரமடித்து உறங்கியபோது, அடியிலிருந்த பனி துண்டு துண்டாக உடைந்து மிதக்கத் தொடங்கியது. பவர்ஸ், செரி-கராட், டொம் கிறீன் மூவரும் மிதக்கும் பனித்துண்டுகளில் சிக்கினார்கள். சுற்றிலும் கொலைகாரத் திமிங்கிலங்கள். உயிர் தப்பினால் போதும் என்ற நிலையிலும், சறுக்கு வண்டிகளையும் பொருட்களையும் விட்டுவிட்டு வர பவர்ஸுக்கு மனமில்லை. குதிரைகளில் பெரும்பாலானவை பலியாயின. பொருட்கள் மீண்டன.

அந்த ஆண்டு ஜூன் 27 அன்று, சூரியனே உதிக்காத துருவக் குளிர்காலத்தின் நடுவில், வில்சன், செரி-கராட் ஆகியோருடன் பேரரசப் பென்குயின்களின் முட்டைகளைத் தேடிப் புறப்பட்டார். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 60 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. புயல் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. கூடாரம் இல்லாமல் திரும்பிவர வழியே இல்லை. புயல் ஓய்ந்த பின் தேடிப்போய், சற்றுத் தொலைவில் அதைக் கண்டெடுத்தார்கள். ஐந்து வாரங்களின் பின், மூன்று முட்டைகளோடு மூவரும் உயிரோடு திரும்பினர்.

துருவத்தில் அளந்தவர்

1911 நவம்பரில் ஸ்கொட் தென்துருவம் நோக்கிக் கிளம்பினார். திட்டப்படி கடைசிக் கட்டத்துக்கு நால்வர். உணவுப் பொதிகளும் நால்வருக்கு அளவாகவே கட்டப்பட்டிருந்தன. 1912 ஜனவரி 4 அன்று கடைசித் துணைக் குழு திருப்பி அனுப்பப்பட்டபோது, ஐந்தாவது ஆளாக பவர்ஸ் சேர்க்கப்பட்டார். திசையளந்து வழிகாட்டும் திறன் கொண்ட எட்வேர்ட் எவன்ஸ் திரும்பிப் போனதால், அந்தப் பொறுப்பு பவர்ஸின் தோளில் விழுந்தது. ஆனால் அவருடைய பனிச்சறுக்குக் கட்டைகள் சில நாட்களுக்கு முன்பே வழியில் வைக்கப்பட்டுவிட்டன. மற்ற நால்வரும் சறுக்கிச் செல்ல, குள்ளமான அவர் ஒரு மாத காலம் பனியில் புதையும் கால்களோடு நடந்தே வண்டி இழுத்தார். முகாமடித்த பின், மற்றவர்கள் ஓய்வெடுக்க, சூரியனைக் கோணமானியால் அளந்து இருப்பிடத்தைக் கணக்கிட்டார். காலநிலைக் குறிப்பேடும் அவர் கையில்தான்.

ஜனவரி 16 அன்று தூரத்தில் ஒரு கரும்புள்ளியை முதலில் கண்டது பவர்ஸின் கூர்மையான கண்கள். அது நோர்வே நாட்டவர் நட்ட கறுப்புக் கொடி. அமுண்ட்சன் ஒரு மாதம் முன்பாக, 1911 டிசம்பர் 14 அன்றே துருவத்தை அடைந்துவிட்டார். அடுத்த நாள் ஸ்கொட் குழுவும் அங்கே நின்றது. தோற்ற மனத்தோடும் பவர்ஸ் தன் வேலையைச் செய்தார். சூரியனை அளந்து துருவம் எங்கே என்று கணக்கிட்டார். உலகம் இன்றும் பார்க்கும் அந்த ஐவரின் சோகமான புகைப்படத்தை, நூலொன்றை இழுத்து எடுத்தவரும் அவரே.

திரும்பும் வழியில், பெப்ரவரி 8 அன்று, பியர்ட்மோர் பனியாற்றின் ஓரத்தில் பக்லி மலையின் அடிவாரத்தில் நின்று கற்களைச் சேகரித்தார்கள். சுமார் 16 கிலோகிராம். அதன் பின் எட்கர் எவன்ஸ் இறந்தார். ஓட்ஸ் புயலுக்குள் நடந்து மறைந்தார். எஞ்சிய மூவரும் கற்களை வீசவில்லை. அடுத்த உணவுக் கிடங்குக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் இருக்கையில் புயல் அவர்களைக் கூடாரத்துக்குள் அடைத்தது. மார்ச் இறுதியில் ஸ்கொட், வில்சன், பவர்ஸ் மூவரும் அங்கேயே மடிந்தனர். சாகும் முன் ஸ்கொட் எழுதிய கடிதங்களில் ஒன்று பவர்ஸின் தாய்க்கு.

அப்துல்லாவும் பேகமும்

1912 ஒக்டோபர் இறுதியில் தேடுதல் குழு புறப்பட்டபோது, வண்டிகளை இழுத்தவற்றில் ஏழு கோவேறு கழுதைகளும் இருந்தன. இந்திய அரசு பழக்கி அனுப்பிய விலங்குகள் அவை. பெயர்கள் லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாஹிப். துருவப் பனியில் நமது பிராந்தியத்தின் பெயர்கள் அழைக்கப்பட்டது இப்படித்தான். அவற்றைப் பழக்கிய இந்தியர்களின் பெயர்களோ பயண வரலாறுகளில் பெரும்பாலும் இல்லை.

நவம்பர் 12 அன்று கூடாரம் கண்டுபிடிக்கப்பட்டது. வண்டியில் கற்கள் அப்படியே இருந்தன. கேம்பிரிட்ஜில் சுவார்ட் என்ற தாவரப் படிவ அறிஞர் அவற்றை ஆராய்ந்தார். கற்களில் பதிந்திருந்தது குளொசொப்டெரிஸ் என்ற அழிந்துபோன தாவரத்தின் இலை. இந்தியாவின் நிலக்கரிப் படிவங்களில் காணப்படும் அதே இலை. உறைந்து கிடக்கும் அந்தக் கண்டத்தில் ஒருகாலத்தில் காடு இருந்தது, அது இந்தியாவோடும் ஆபிரிக்காவோடும் அவுஸ்திரேலியாவோடும் இணைந்திருந்தது என்பதற்கு வலுவான சான்று அது. கொண்டுவானா என்ற அந்தப் பெருநிலத்தில் இலங்கை கிழக்கு அந்தாட்டிக்காவை ஒட்டிக் கிடந்தது. நமது மலைநாட்டுப் பாறைகளின் உறவுகளைப் புவியியலாளர் இன்று அங்கே தேடுவதும் அதனால்தான்.

பவர்ஸின் குறிப்பேடும் வீணாகவில்லை. அவர் பதிந்த வெப்பநிலைகளைப் பிற்கால அளவீடுகளோடு ஒப்பிட்ட அமெரிக்க விஞ்ஞானி சூசன் சொலமன், 1912 மார்ச் மாதம் வழமைக்கு மாறான கடுங்குளிராக இருந்ததாக 2001இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். அந்த மரணங்களை ஸ்கொட்டின் பிழைகளால் மட்டும் விளக்க முடியாது என்ற வாதத்துக்கு, அதே கூடாரத்தில் இறந்த மனிதர் எழுதிவைத்த எண்களே ஆதாரமாயின.

குன்றுகள் மலைகளான கதை

கப்பலிலிருந்து பெனல் குழு கண்ட நிலத்துக்கு பவர்ஸ் குன்றுகள் என்று பெயரிடப்பட்டது. நண்பனின் நினைவுக்குத் தோழர்கள் செலுத்திய காணிக்கை. கண்டதோ கடலோர நுனி மட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அன்று யாருக்கும் தெரியாது. 1946-47இல் அமெரிக்கக் கடற்படை விமானங்கள் மேலிருந்து படமெடுத்தன. 1960களில் அமெரிக்க, நியூசிலாந்துக் குழுக்கள் தரையில் அளந்தன. குன்றுகள் என்று எண்ணியது, பனியாறுகள் சூழ்ந்த பெரிய மலைத்தொகுதி என்று அப்போதுதான் தெளிவாயிற்று. பெயர் பவர்ஸ் மலைகள் என்று திருத்தப்பட்டது. அங்கே கிடைத்த கேம்பிரியன் காலப் பாறைகளுக்கும் புவியியலாளர் அதே பெயரைச் சூட்டினார்கள்.

மனிதர் குடியிராத நிலத்துக்குப் பெயர் வைப்பது எளிது. அங்கே ஏற்கெனவே ஒரு பெயரால் அழைத்துவந்த யாரும் இல்லை. நமது கரையில் அப்படியல்ல. திருக்கோவில் என்ற பெயர் அங்குள்ள சித்திர வேலாயுத சுவாமி கோவிலோடு பிறந்தது. அம்பாறை மாவட்ட மக்கள் வாக்களிக்கும்போது தேர்தல் மாவட்டத்தின் பெயர் திகாமடுல்ல. கல்முனையில் பிரதேச செயலகத்தின் கோடு எங்கே விழ வேண்டும் என்பது தமிழ், முஸ்லிம் அயலவருக்கிடையே இன்னும் ஆறாத வாதம். கோடும் பெயரும் காகித விடயங்கள் அல்ல என்பதை இந்தக் கரையில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அதனால்தான் பவர்ஸின் கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அவர் எங்கும் தன் பெயரைப் பொறிக்கவில்லை. பேரரசின் சேவையில் இருந்தவர்தான். அந்தப் பேரரசுதான் அவர் பெயரை வரைபடத்தில் ஏற்றியது, ரத்னகிரி மாலுமிகளின் பெயரை ஏற்றவில்லை. ஆனால் அவர் செய்த வேலை அந்தப் பெயரைவிடப் பெரிது. களைத்த கைகளால் தினமும் அளந்தார், அளந்ததைப் பிசகாமல் எழுதினார், பாரத்தைக் கடைசிவரை இழுத்தார். ஒரு நிலத்தை உண்மையாக அறிந்துகொள்ள அந்த உழைப்புத்தான் தேவை. பெயர் பலகை அதன் பின்னால் வருவது.