தடம் திறந்தவர்

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குச் செல்லும் சாலை, காரவள்ளி என்னும் அடிவாரத்தைக் கடந்ததும் மலைமீது ஏறத் தொடங்குகிறது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். அவ்வழியே பேருந்து ஓட்டுபவரைக் கூர்ந்து நோக்கியவர்கள் ஒன்றை உணர்ந்திருப்பர். அவர் வளைவுக்குள் நுழைந்தபின் வேகத்தைக் குறைப்பதில்லை. நுழையுமுன்னரே குறைத்து, கியரை மாற்றி, பார்வையை வளைவின் மறுமுனைக்கு அனுப்பிவிடுகிறார். மகிழுந்துப் பந்தயத்தின் முதற்பாடமும் இதுவே. மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது முறை. பந்தயத் தடத்தில் வழிவிடுவோர் இலர் என்பது மட்டுமே வேறுபாடு.

அந்தப் பாடத்தைக் கற்க ஒரு காலத்தில் பெருஞ்செல்வம் வேண்டியிருந்தது. அந்நிலையை மாற்ற முனைந்தவர் கோவை சுந்தரம் கரிவரதன்.

1954ஆம் ஆண்டு பிறந்த கரிவரதன், கோவையில் இலட்சுமி ஆலையை நிறுவிய குப்புசாமி நாயுடுவின் குடும்பத்தவர். பஞ்சும் நூலும் குடும்பத்தின் தொழில். அவருடைய உள்ளமோ இயந்திரத்தின் ஒலியில் தோய்ந்தது. நண்பர்களுக்கு அவர் ‘கரி’. கரி என்றால் யானை. யானைக்கு அருளிய திருமாலின் பெயரே கரிவரதன். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை வென்ற மலையமான் திருமுடிக்காரியோடு இப்பெயரை மயக்கிக்கொள்ளலாகாது. ஆயினும் ஓர் ஒற்றுமை உண்டு. அந்தக் காரி இரவலர்க்குக் குதிரைகளை ஈந்தான். இந்தக் கரி இளைஞர்களுக்குக் குதிரைத்திறனை ஈந்தார்.

அந்நாளில் தமிழகப் பந்தயங்களின் தாயகம் சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம். இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளம் அது. போர் முடிந்தபின் ஓடுதளத்தில் மகிழுந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் சீறின. நிழலற்ற வெளியில், வெயிலைப் பொருட்படுத்தாது மக்கள் திரண்டு நின்றனர். ஆனால் பார்ப்போர் பலர், ஓட்டுவோர் சிலர். வெளிநாட்டிலிருந்து பந்தய வண்டியை வரவழைக்கும் வசதி அரச குடும்பத்தினர்க்கும் தொழிலதிபர்க்குமே வாய்த்தது. கடுமையான இறக்குமதிக் கட்டுப்பாடுகள் அவ்வசதியை மேலும் சுருக்கின. மற்றவர்கள் பியட், ஹெரால்டு போன்ற சாலை வண்டிகளைத் திருத்திக்கொண்டு களமிறங்கினர். வெற்றியில் ஓட்டுநரின் திறன் எவ்வளவு, வண்டியின் விலை எவ்வளவு என்று பிரித்தறிவது அரிதாயிற்று.

கரிவரதனும் சோழவரத்தில் ஓட்டிப் பெயர்பெற்றவரே. நல்ல வண்டியை வாங்கி, கோப்பைகளைக் குவித்து, அத்துடன் அமைந்திருக்க அவருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. அவர் அமையவில்லை. ஓட்டுநராக இருந்துகொண்டே வண்டிகளை வடிவமைப்பவரானார்.

1983ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி 800 சாலைக்கு வந்தது. மூன்று உருளைகளும் 796 கன செ.மீ. கொள்ளளவும் கொண்ட அதன் சிறு இயந்திரம், குடும்பத்தோடு கடைத்தெருவுக்குச் சென்றுவரப் போதுமானது. பந்தயத்துக்கு அதனை எண்ணிப் பார்த்தவர் அரியர். கரிவரதன் எண்ணினார். கூரையற்ற ஒற்றை இருக்கை வண்டியை வடிவமைத்து, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே அவ்வியந்திரத்தைப் பொருத்தினார். எடை குறைந்ததால் சிறு இயந்திரமும் சீறிப் பாய்ந்தது. உதிரி உறுப்புகள் உள்நாட்டிலேயே கிடைத்தன; பழுதானால் கடல்கடந்து கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. பார்முலா மாருதி என்னும் பந்தய வகை இவ்வாறு பிறந்தது.

ஒரே வகை இயந்திரம், ஒரே வகை வண்டி என்றானபின் பணத்தால் முந்துவது கடினமாயிற்று. வளைவில் யார் பிந்தித் தடைபோடுகிறார், யார் சீராக வெளியேறுகிறார் என்பதே முடிவைத் தீர்மானித்தது. முன்னணி ஓட்டுநர் ஒருவர் தம் எதிராளிகளுக்கும் நிகரான வண்டி கிடைக்கச் செய்வது, தம் தோல்விக்குத் தாமே வாயில் திறப்பதாகும். கரிவரதனின் வாழ்வில் மிக உயர்ந்த செயல் இதுவென்றே தோன்றுகிறது. எந்தக் கோப்பையும் இதற்கு ஈடாகாது.

அவர் ஊக்கிய இளைஞருள் பின்னாளில் பயிற்சியாளராகப் பெயர்பெற்ற அக்பர் இப்ராகிமும் ஒருவர். கோவைச் சிறுவன் நரேன் கார்த்திகேயன் மற்றொருவர். நரேனின் தந்தை கார்த்திகேயன், தென்னிந்திய ராலிப் போட்டிகளில் பலமுறை வாகை சூடியவர். வீட்டிலேயே வேகம் குடியிருந்தது. ஆயினும் ராலி வேறு, தடப்பந்தயம் வேறு. நரேன் தடப்பந்தயத்தைத் தொடங்கியது பார்முலா மாருதியில்தான். திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில்.

தரையோடு கரிவரதனின் ஆர்வம் நின்றுவிடவில்லை. வானமும் அவரை ஈர்த்தது. 1995 ஆகஸ்ட் 24 அன்று விமான விபத்தில் அவர் உயிர்துறந்தார். அகவை 41. நரேனுக்கு அப்போது 18.

கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் 2003ஆம் ஆண்டு ஒரு பந்தயத் தடம் திறக்கப்பட்டது. அதற்குக் கரியின் பெயரையே சூட்டினர். ஈராண்டு கழித்து, 2005 மார்ச்சு மாதம், ஆத்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஜோர்டான் அணியின் வண்டியில் அமர்ந்து பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார் நரேன். செட்டிப்பாளையத் தடத்தில் சிறுவர்கள் கோ-கார்ட் வண்டிகளில் வளைவுகளைப் பழகிக்கொண்டிருந்தனர்.