கந்தக நீரில் கண்ட உண்மை

செடிகொடிகள் சூரிய ஒளியைக் கொண்டு தமக்கு வேண்டிய உணவைத் தாமே தயாரித்துக் கொள்கின்றன. பிற உயிர்கள் அச்செடிகளை நேரடியாகவோ மறைமுகமாகவோ உண்டு வாழ்கின்றன. ஆகவே, உலகில் உள்ள எல்லா உயிர்களுக்கும் சூரிய ஒளியே ஆதாரம் என்று அறிஞர்கள் நெடுங்காலம் கருதி வந்தனர். ஆனால், ஒளியின் துணையின்றி, வெறும் தாதுப் பொருள்களிலிருந்தும் வளிகளிலிருந்தும் ஆற்றலைப் பெற்று வாழும் நுண்ணுயிர்களும் உள்ளன. இவ்வுண்மையை முதன்முதலில் உலகிற்கு உணர்த்தியவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி.

வினோகிராட்ஸ்கி 1856ஆம் ஆண்டில் கீவ் நகரில் பிறந்தார். அந்நகரம் அப்போது ரஷ்யப் பேரரசின் ஒரு பகுதியாக இருந்தது. அவருடைய குடும்பம் செல்வச் செழிப்பு மிக்கது. பள்ளிப் படிப்பை முடித்ததும் அவர் முதலில் சட்டம் பயிலத் தொடங்கினார். அதில் மனம் ஒன்றவில்லை. பிறகு இயற்கை அறிவியலை நாடினார். அதுவும் அப்போது அவருக்கு நிறைவளிக்கவில்லை. எனவே, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக்கல்லூரியில் சேர்ந்து, தியோடர் லெஷெட்டிட்ஸ்கி என்னும் புகழ்பெற்ற ஆசிரியரிடம் பியானோ கற்றார். இசையை அவர் உளமார நேசித்தார்; ஆயினும், அதை வாழ்நாள் தொழிலாக ஏற்க அவருக்கு மனம் வரவில்லை. 1877ஆம் ஆண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மீண்டும் இயற்கை அறிவியலைப் பயின்றார். பல வழிகளில் சென்று திரும்பிய அவருக்கு நுண்ணோக்கியின் முன்னால்தான் தமக்குரிய இடம் கிடைத்தது.

மேலும் பயில விரும்பிய வினோகிராட்ஸ்கி, 1885ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குச் சென்றார். அங்கு அன்டோன் டி பாரி என்னும் தாவரவியல் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். கந்தக நீரூற்றுகளில் வெண்ணிற நூல்களைப் போல வளரும் பெக்கியட்டோவா என்னும் பாக்டீரியாவைத் தம் ஆய்வுக்கு எடுத்துக் கொண்டார். அத்தகைய நீரூற்றுகளில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வளியே அதற்குக் காரணம். பூமியின் ஆழத்திலிருந்து எரிமலைப் பகுதிகளில் வெளியேறும் வளிகளுள் இதுவும் ஒன்று. மற்ற பல உயிர்களுக்கு இது நச்சாகும். பெக்கியட்டோவாவின் உடலுக்குள்ளோ கந்தகத் துகள்கள் நிறைந்திருந்தன.

இந்த நச்சு வளியைப் பெக்கியட்டோவாவே உண்டாக்குகிறது என்று அக்காலத்தில் சில அறிஞர்கள் எண்ணினர். வினோகிராட்ஸ்கி அதை அப்படியே ஏற்றுக் கொள்ளவில்லை. அவர் சில பாக்டீரியா நூல்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நீரை அடிக்கடி மாற்றியபடியே நாள்தோறும் நுண்ணோக்கியில் உற்றுநோக்கினார். ஹைட்ரஜன் சல்பைடு இல்லாத நீரில் வைத்தபோது, அவற்றின் உடலிலிருந்த கந்தகத் துகள்கள் சிறிது சிறிதாக மறைந்தன. அந்நிலை நீடித்தபோது அவை பட்டினியால் வாடுவதுபோல் மெலிந்து மடிந்தன. ஹைட்ரஜன் சல்பைடு கலந்த நீரைக் கொடுத்தபோதோ துகள்கள் மீண்டும் தோன்றின. நூல்களும் செழித்து வளர்ந்தன.

இதிலிருந்து அவருக்கு உண்மை விளங்கியது. பெக்கியட்டோவா அந்த வளியை உண்டாக்கவில்லை. மாறாக, அதைப் பயன்படுத்தி வாழ்ந்தது. அது ஹைட்ரஜன் சல்பைடை உயிர்வளியுடன் சேர்த்து முதலில் கந்தகமாக மாற்றியது. பின்னர் அக்கந்தகத்தைக் கந்தக அமிலமாக மாற்றியது. நாம் உண்ணும் சோறு நமக்கு ஆற்றலைத் தருவதுபோல், இம்மாற்றம் அந்த பாக்டீரியாவுக்கு ஆற்றலைத் தந்தது. 1887ஆம் ஆண்டில் இந்த ஆய்வு முடிவை வினோகிராட்ஸ்கி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்றுதான்.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஆசிரியர் டி பாரி காலமானார். வினோகிராட்ஸ்கி சுவிட்சர்லாந்தின் சூரிக் நகருக்குச் சென்று தம் ஆய்வைத் தொடர்ந்தார். மண்ணில் உள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றி, பயிர்களுக்கு உரமாக்கும் நுண்ணுயிர்களைப் பிரித்தெடுக்கப் பல அறிஞர்கள் அப்போது முயன்று கொண்டிருந்தனர். அவர்கள் நுண்ணுயிர்களைச் சத்து நிறைந்த கூழ்மத்தில் வளர்க்கப் பார்த்தனர். ஒருவருக்கும் வெற்றி கிட்டவில்லை. வினோகிராட்ஸ்கி மாற்றி யோசித்தார். சத்தான உணவு எதையும் கொடுக்காமல், அம்மோனியாவும் சில தாதுக்களும் கலந்த நீரை மட்டுமே கொடுத்தார். மற்ற நுண்ணுயிர்கள் உணவின்றி ஒடுங்கின. அவர் தேடிய நுண்ணுயிர்களோ பெருகின. அவை கரிவளியிலிருந்து தம் உடலைக் கட்டியெழுப்பிக் கொண்டன. அதற்கு அவற்றுக்கு ஒளி தேவைப்படவில்லை. 1890ஆம் ஆண்டில் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு அவருக்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது.

பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனம் அவரைப் பணிக்கு அழைத்தது. ஆனால், அவர் தாய்நாட்டிற்குத் திரும்பவே விரும்பினார். 1891ஆம் ஆண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்கப்பட்டிருந்த மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். காற்றில் உள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் ஒரு பாக்டீரியாவை அங்குக் கண்டறிந்தார். சில ஆண்டுகளில் அவருடைய உடல்நலம் குன்றியது. அவர் பணியிலிருந்து விலகி, உக்ரைனில் இருந்த தம் குடும்பப் பண்ணைக்குச் சென்றார். ஆய்வுக்கூடத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஒதுங்கி வாழ்ந்தார்.

1917ஆம் ஆண்டில் ரஷ்யாவில் புரட்சி வெடித்தது. அதைத் தொடர்ந்து உள்நாட்டுப் போரும் மூண்டது. வினோகிராட்ஸ்கி தம் நிலத்தையும் செல்வத்தையும் இழந்து நாட்டை விட்டு வெளியேறினார். அறுபது வயதைக் கடந்த நிலையில் அவர் வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. சிறிது காலம் பெல்கிரேட் நகரில் பேராசிரியராகப் பணியாற்றினார். 1922ஆம் ஆண்டில், முன்பு அவரை அழைத்த அதே பாஸ்டர் நிறுவனம் மீண்டும் அவரை அழைத்தது. இம்முறை அவர் அவ்வழைப்பை ஏற்றார். பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள பிரீ-கோம்ட்-ரொபேர் என்னும் சிற்றூரில் தங்கி, மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை மறுபடியும் ஆராயத் தொடங்கினார். அவருடைய மகள் ஹெலனும் ஆய்வில் அவருக்குத் துணை புரிந்தார்.

இக்காலத்தில் அவர் ஒரு கருத்தை உறுதியாக வலியுறுத்தினார். ஆய்வுக்கூடக் குடுவையில் சத்தான உணவைக் கொடுத்து வளர்க்கப்படும் நுண்ணுயிர், தன் இயல்பான வாழ்க்கையைக் காட்டுவதில்லை. அது பிறந்து வளரும் மண்ணில், அங்குக் கிடைக்கும் உணவோடும் அண்டை உயிர்களோடும் சேர்த்தே அதை ஆராய வேண்டும். இதுவே அவருடைய கொள்கை. மண் நுண்ணுயிரியல் பற்றித் தாம் செய்த ஆய்வுகளைத் தொகுத்து, 1949ஆம் ஆண்டில், தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். 1953ஆம் ஆண்டில், தம் 96ஆம் வயதில், அவர் பிரீ-கோம்ட்-ரொபேரில் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்த பின்பும் அவர் காட்டிய வழி பல கதவுகளைத் திறந்தது. 1977ஆம் ஆண்டில் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, சூரிய ஒளி எட்டாத ஆழ்கடலில், வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிப் பல உயிர்கள் கூட்டமாக வாழ்வது தெரிய வந்தது. ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஆற்றல் பெறும் பாக்டீரியாக்களே அவற்றின் வாழ்வுக்கு அடித்தளமாக இருந்தன.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகில் சொல்ஃபட்டாரா என்னும் எரிமலை வாய் உள்ளது. அங்கு வெளியேறும் ஹைட்ரஜன் சல்பைடு, காற்றுடன் சேர்ந்து கந்தக அமிலமாக மாறுவதால், சேறு எலுமிச்சைச் சாற்றைவிடக் கடுமையாகப் புளித்துக் கிடக்கிறது. கொதிக்கும் அந்நிலத்தில் மீத்தேன் வளியை உண்டு வாழும் ஒரு பாக்டீரியா இருப்பதை அறிஞர்கள் 2007ஆம் ஆண்டில் அறிவித்தனர். சுமார் 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது நன்கு வளர்கிறது. ஆனால், ஆய்வுக்கூடத்தில் அதற்கு எதைக் கொடுத்தாலும் அது செழிக்கவில்லை. எரிமலைச் சேற்றின் நீரைச் சிறிது சேர்த்த பிறகே செழித்தது. அந்நீரில் இருந்த அரிய உலோகங்கள் இல்லாமல் அதனால் வாழ முடியாது என்பது பின்னர் தெளிவானது. நுண்ணுயிரை அதன் மண்ணோடு சேர்த்து ஆராய வேண்டும் என்ற வினோகிராட்ஸ்கியின் கொள்கை எவ்வளவு சரியானது என்பதற்கு இது ஒரு நல்ல சான்றாகும்.

இன்று பல நாடுகளின் பள்ளிகளில், மாணவர்கள் குளத்துச் சேற்றுடன் முட்டையும் கிழித்த தாளும் கலந்து, ஒரு கண்ணாடிக் குழாயில் நிரப்பி வெளிச்சத்தில் வைக்கின்றனர். சில வாரங்களில் அதில் பச்சை, ஊதா, கறுப்பு எனப் பல நிறங்களில் நுண்ணுயிர் அடுக்குகள் தோன்றுகின்றன. இதற்கு வினோகிராட்ஸ்கி குழாய் என்று பெயர். சேறு என்று நாம் ஒதுக்கும் பொருளிலும் எண்ணற்ற உயிர்கள் தமக்குரிய வழியில் வாழ்கின்றன என்பதை அது காட்டுகிறது. தமக்குரிய துறையைக் காணும் வரை தேடிய உறுதியும், கண்டபின் அதைப் பொறுமையுடன் உற்றுநோக்கிய பண்பும், எல்லாம் இழந்த பின்னும் மீண்டும் தொடங்கிய துணிவுமே வினோகிராட்ஸ்கியை உயர்த்தின.