இராஜாஜியும் அறிவியல் தமிழும்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கருநாடகத்தை அடுத்து, ஒசூர் என்னும் நகர் உள்ளது. இந்நாளில் பெருந்தொழிற்சாலைகளால் பெயர்பெற்று விளங்கும் அந்நகரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் தெருத்தோறும் ஒலிக்கக் கேட்கலாம். அதன் அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில், 1878ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள், கிராம முன்சீபின் மகனாகப் பிறந்தவர் இராசகோபாலாச்சாரியார். இராஜாஜி என்பது அவருக்கு நாட்டார் வழங்கிய சுருக்கப் பெயர்.

இளமையில் ஒசூர் அரசினர் பள்ளியில் பயின்ற அவர், பின்னர்ப் பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னையில் சட்டம் கற்று, 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞராய் அமர்ந்தார்.

அக்காலத்துக் கல்லூரிகளில் அறிவியற் பாடங்கள் யாவும் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. மாணவன் முதலில் மொழியோடு மல்லாட வேண்டும். அதில் வென்ற பின்னரே பொருளை நெருங்க இயலும். ஆசிரியர் உரைப்பதை எழுதிக்கொண்டு, எழுதியதை உருப்போட்டு, தேர்வில் ஒப்புவித்துவிட்டு மறப்போர் பலர். வகுப்பில் ஐயம் எழுந்தாலும் அதனை வினாவாக்கிக் கேட்கப் பிறமொழி நாவில் எழாது. வினாத் தோன்றாத வகுப்பில் ஆசிரியர் எத்துணைப் புலமையுடையவராயினும் என்ன பயன்?

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்துக் காட்டியிருந்தார். ஆயினும் தமிழகத்துக் கற்றோர் பலர், உயர்ந்த அறிவியலைத் தமிழ் தாங்காது என்றே எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை வாதத்தால் அன்றிச் செயலால் மாற்ற முனைந்தார் இராஜாஜி. 1916ஆம் ஆண்டில் சேலத்தில் நண்பர்களுடன் கூடித் தமிழ் அறிவியற் சொற்கழகம் ஒன்றை நிறுவினார். வேதியியல், இயற்பியல், கணிதம், வானியல் முதலிய துறைகளுக்குத் தமிழ்ச் சொற்களை ஆக்குவதே அதன் பணி. ஒளிச்சேர்க்கை, மின்தடை என இந்நாள் மாணவர் எளிதிற் சொல்லும் சொற்களைப் போன்றவை அந்நாள் ஆசிரியருக்குக் கிட்டவில்லை. சொல் இல்லாத இடத்தில் விளக்கம் எங்ஙனம் பிறக்கும்? கழகம் ஓர் இதழையும் வெளியிட்டது. தமிழ்ச் சொற்களுக்கென எழுந்த அவ்விதழ் ஆங்கிலத்தில் வெளிவந்தமை ஒரு விந்தையே! கற்றோரை இணங்கச் செய்வதற்கும் ஆங்கிலமே வேண்டியிருந்தது போலும்.

பின்னர் நாட்டு விடுதலைப் போர் அவரை ஈர்த்துக்கொண்டது. சிறை, சென்னை மாகாண முதலமைச்சர் பதவி, 1948 முதல் 1950 வரை கவர்னர் ஜெனரல் பதவி என அவர் வாழ்க்கை விரிந்தது. முதன்முறை முதலமைச்சராய் இருந்தபோது பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியதால் தமிழறிஞர் பலரின் கடும் எதிர்ப்புக்கு ஆளானார். அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் தேடியவரே அவ்வாணையைப் பிறப்பித்தார் என்பதை மறைப்பது வரலாறாகாது. பிற்காலத்தில் அவரே இந்தி மட்டும் ஆட்சிமொழியாவதை எதிர்த்து நின்றார்.

இத்துணை அலுவல்களுக்கு இடையிலும் பழைய ஆர்வம் அவரை விட்டகலவில்லை. வேதியியலை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசுவார்போல விளக்கும் ‘திண்ணை இரசாயனம்’ என்னும் நூலை இயற்றினார். இராமாயணத்தையும் பாரதத்தையும் எளிய தமிழில் எழுதிய அதே கை, தனிமங்களையும் சேர்மங்களையும் எழுதிற்று.

1960ஆம் ஆண்டில் கோவை அரசினர் கலைக்கல்லூரியில் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பட்ட வகுப்புத் தொடங்கிற்று. சேலத்துக் கழகம் தோன்றி அப்போது 44 ஆண்டுகள் கடந்திருந்தன. இராஜாஜி 1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் மறைந்தார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு அரசின் நினைவு இல்லமாக விளங்குகின்றது.