கோடி டிகிரி கண்ட ஆர்ட்சிமோவிச்

கதிரவனின் நடுவே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஆற்றலைப் பொழிகின்றன என்பதை நம் பாடநூல்கள் ஒரு பக்கத்தில் சொல்லி முடித்துவிடுகின்றன. அதையே மண்ணுலகில் ஓர் எஃகுக் கலத்துள் நிகழ்த்த முயன்றவர்களின் வரலாறு அவ்வளவு விரைவில் முடிவதன்று. அவர்களுள் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவர் சோவியத் அறிஞர் லெவ் ஆர்ட்சிமோவிச். புதிய விதி ஒன்றைக் கண்டதற்காக அன்று. ஒரு கருவியைப் பல்லாண்டுகள் குறை கண்டு, குறை நீக்கி, மேலும் மேலும் செப்பனிட்டதற்காகவே அவரைப் போற்றுகிறேன்.

1909ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தார். மின்ஸ்க் நகரில் பயின்று 1928இல் பட்டம் பெற்றார். பின்னர் லெனின்கிராடில் ஆய்வாளராய் வளர்ந்தார். போருக்குப் பின் மின்காந்த முறையில் ஐசோடோப்புகளைப் பிரிக்கும் பணியில் ஈடுபட்டார். 1951இல், பிற்காலத்தில் குர்ச்சாத்தவ் கழகம் எனப் பெயர் பெற்ற மாஸ்கோ நிறுவனத்தில், அணுக்கரு இணைவு ஆய்வின் செய்முறைப் பிரிவுக்குத் தலைவரானார். இறுதிவரை அப்பொறுப்பிலேயே இருந்தார்.

தொடக்கத்திலேயே ஒரு சோதனை காத்திருந்தது. 1952இல், டியூட்டீரிய வாயுவில் பெருமின்னோட்டம் பாய்ச்சியபோது நியூட்ரான்கள் வெளிப்பட்டன. இணைவு கைகூடிவிட்டது என்று கொண்டாட வேறு யாருக்கும் அதுவே போதுமாயிருந்திருக்கும். ஆர்ட்சிமோவிச்சின் குழுவோ அளந்து பார்த்து, அவை வெப்பத்தால் பிறந்தவையல்ல என்று கண்டது. 1958இல் இங்கிலாந்தின் சீட்டா கருவியில் இதுபோன்ற நியூட்ரான்களைக் கண்டு வெற்றி முழக்கமிட்டவர்கள், சில மாதங்களில் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. இதை அறிந்த பிறகே ஆர்ட்சிமோவிச்சின் எச்சரிக்கை உணர்வின் அருமை எனக்குப் புரிந்தது.

அதே 1958இல் மாஸ்கோவில் டி-1 என்னும் டோக்காமாக் இயங்கியது. வளைய வடிவான உலோகக் கலம், அதைச் சுற்றிலும் காந்தச் சுருள்கள், உள்ளே பிளாஸ்மா. ஆனால் ஊட்டிய ஆற்றலின் பெரும்பகுதி கதிர்வீச்சாய்ப் போய்விட்டது. குற்றவாளி யார்? கலத்தின் சுவர்தான்! பார்வைக்குப் பளபளக்கும் எஃகில் நீராவியும் காற்றும் எண்ணெய்ப் படலமும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிளாஸ்மாவின் சூடு பட்டதும் அவை உள்ளே கலந்து, வெப்பத்தையெல்லாம் ஒளியாக்கி இறைத்துவிடும். ஆகவே அடுத்த கருவியில் கலத்தைச் சூடேற்றி, ஒட்டியிருந்த வாயுக்களை வெளியேற்றி, உறிஞ்சி எடுக்க வகை செய்தனர். காந்தச் சுருள்கள் இம்மியளவு கோணினாலும் பிளாஸ்மா சுவரை நோக்கிச் சாயும் என்பதால் அவற்றையும் திருத்தினர். சுத்தம் செய்வதும் நேர் பார்ப்பதும் பெரும்புகழ் தரும் வேலைகளா? ஆயினும் ஆண்டுக்கணக்கில் அதுவே நடந்தது. டோக்காமாக் பணியை நடத்திவந்த நாதன் யாவ்லின்ஸ்கி 1962இல் விமான விபத்தில் மாண்டபின், அப்பொறுப்பையும் ஆர்ட்சிமோவிச்சே ஏற்றார்.

1965இல் இங்கிலாந்தின் கல்ஹாமில் கூடிய மாநாட்டில் அவர் சொன்ன முடிவுகளை அமெரிக்க அறிஞர் ஸ்பிட்சர் ஐயுற்றார். 1968 ஆகஸ்டில் நோவோசிபிர்ஸ்க் மாநாட்டில் டி-3 கருவியின் எலெக்ட்ரான் வெப்பநிலை ஏறக்குறைய ஒரு கோடி டிகிரி என்று அறிவித்தபோதும் ஐயம் தீரவில்லை. அளந்த முறை நேர்முறையன்று என்பது மறுப்போரின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது என்றே கருதுகிறேன்.

ஆர்ட்சிமோவிச் சொற்போரில் இறங்கவில்லை. கல்ஹாம் ஆய்வாளர்களையே தம் கூடத்துக்கு வரவழைத்து, அவர்கள் கருவியைக் கொண்டே அளக்கச் செய்தார். அதே ஆகஸ்டில்தான் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாகியாவில் புகுந்தன; பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். எனினும் ஏறத்தாழ 5 டன் சாதனங்களுடன் ஆங்கிலேயக் குழு வந்து சேர்ந்தது. லேசர் ஒளியைப் பிளாஸ்மாவில் செலுத்தினால் எலெக்ட்ரான்கள் அதைச் சிதறடிக்கும். சிதறிய ஒளியின் நிறம் எவ்வளவு பரவியிருக்கிறதோ அவ்வளவு வெப்பம். அளவீடு பொய்த்திருந்தால் ஆர்ட்சிமோவிச்சின் பதினெட்டாண்டு உழைப்பும் உலகின் முன் தலைகுனிந்திருக்கும். 1969இல் முடிவு வந்தது. கோடி டிகிரி உண்மையே!

அதன்பின் நிகழ்ந்தவை விரைவானவை. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், ஸ்பிட்சரின் வழிவந்த ஸ்டெல்லரேட்டர் கருவியையே 1970இல் டோக்காமாக்காக மாற்றி அமைத்தனர். 1973 மார்ச் 1ஆம் நாள் ஆர்ட்சிமோவிச் மறைந்தார். அவர் காணாத டி-10 கருவி 1975இல் இயங்கத் தொடங்கியது. நம் நாட்டில் காந்திநகரில் 1989இல் எழுந்த ஆதித்யாவும் டோக்காமாக்கே. அதன் பழைய கலத்தைக் கழற்றி, வட்ட வெட்டுமுகம் கொண்ட புதுக் கலத்தைப் பொருத்தி, 2016இல் மீண்டும் பிளாஸ்மாவை உண்டாக்கினர் நம் பொறியாளர்கள்.